மாரத்தான் அன்னிக்கு சேலத்துல இறங்குறீங்களா? ஊருக்குள்ள சுத்துறதுல இருந்து ஏற்காடு ஏறி இறங்குற வரைக்கும் முழு வழிகாட்டி

போன வருஷம் எங்க பெரியத்தை, மாமா, மாமாவோட அம்மா, ரெண்டு பேரப்புள்ளைங்க, மொத்தம் அஞ்சு பேர் திருநெல்வேலில இருந்து ஏற்காடு பாக்கணும்னு கெளம்பி வந்தாங்க. பெங்களூர் போற நைட் பஸ். டிக்கெட் போடும்போது புது பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விடுறோம்னு சொன்னவங்க, காலைல அஞ்சேகாலுக்கு சீலநாயக்கன்பட்டி பைபாஸ்ல நிறுத்தி, உள்ள மாரத்தான் நடக்குது வண்டி போகாது இறங்குங்கன்னு இறக்கி விட்டுட்டு போயிட்டாங்க. ரூம் போட்டிருந்தது அஞ்சு ரோடு பக்கம். அத்தை போன் பண்ணி "ஏய்யா, ஒரு ஆட்டோக்காரனும் அந்தப் பக்கம் வரமாட்டேங்கான்"னு சொன்னப்ப குரலே உடைஞ்சு போயிருந்துச்சு, எண்பது வயசு பாட்டி பைபாஸ் ஓரமா சூட்கேஸ் மேல உக்காந்திருக்காங்க. நான் வண்டிய எடுத்துட்டு ஓடினா ஒரு தெருவுல தடுப்பு, திரும்பி இன்னொரு தெரு, அங்கயும் தடுப்பு. எல்லாரும் ரூம் போய் சேரும்போது மணி எட்டரை.

அன்னிக்கு அவங்க பட்ட பாட்டுல பாதிக்கு மேல தேவையே இல்லாதது. முன்னாடி நாள் ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாத்திருந்தா போதும். அதனாலதான் வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்காக இத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க: இது தேரோட்டம் மாதிரி

மாரத்தான்னா ஊரே பூட்டிருச்சுன்னு நெனைக்காதீங்க. நம்ம ஊர்ல தேர் ஓடுற அன்னிக்கு என்ன நடக்கும்? தேர் வர்ற வீதிய மட்டும் முன்னாடியே அடைப்பாங்க, தேர் தாண்டிப் போனதும் பின்னாடியே தெரு தொறந்துடும், நிலைக்கு வர்ற எடத்துல மட்டும் கடைசி வரைக்கும் கூட்டம் கலையாது. அதே கணக்குதான் இங்கயும். ஓடுறவங்க இன்னும் வராத ரோடு, ஓடிட்டு இருக்குற ரோடு, ஓடி முடிச்ச ரோடுன்னு மூணு இருக்கும், எந்த ரோடு எந்த நேரத்துல எதுல இருக்குன்னு தெரிஞ்சா நீங்க பாட்டுக்கு சுத்தலாம்.

கணக்கு ரொம்ப ஈஸி. வேகமா ஓடுறவர் ஒரு கிலோமீட்டர மூணரை நிமிஷத்துல தாண்டுவார், கடைசில நடந்தும் ஓடியும் வர்றவங்களுக்கு ஒன்பது நிமிஷம்னு வச்சுக்கங்க. உங்க ஓட்டல் வாசல் 7வது கிலோமீட்டர்ல வருது, ஓட்டம் 5.30க்கு ஆரம்பிக்குதுன்னா, முதல் ஆள் 5.55 வாக்குல உங்க வாசல தாண்டுவார், கடைசி ஆள் 6.35க்குள்ள தாண்டிருவார். முன்ன பின்ன இருவது நிமிஷம் சேத்துக்கிட்டா உங்க வாசல் அடைச்சிருக்குற நேரம் தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு, போன ரோட்டுலயே திரும்பி வர்ற மாதிரி ரூட் இருந்தா கதை மாறும். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், பாதில திரும்பி வந்தா அதே வாசல் 14வது கிலோமீட்டராவும் இருக்கும், கடைசி ஆள் அங்க வர 7.36 ஆயிடும், அதுவரைக்கும் அந்த ரோடு அடைப்புதான். திரும்புற முனை சீக்கிரம் தொறக்கும், கெளம்புற எடமும் முடியுற எடமும் ஒண்ணா இருந்தா அங்கதான் கடைசியா தொறக்கும், ஏன்னா அரை மாரத்தான், 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர்னு எல்லா ஓட்டமும் அந்த எடத்துலயே ஆரம்பிச்சு அந்த எடத்துலயே முடியும். முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டரும் இருந்துச்சுன்னா கடைசி ஆள் வந்து சேர ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும், அப்ப முடியுற எடம் பக்கமே மதியம் வரைக்கும் போகாதீங்க.

ஒரு வாரம் முன்னாடி: ரூம்

ஓட்டம் நடத்துறவங்க ரூட் மேப் போட்டிருப்பாங்க, அத முதல்ல டவுன்லோடு பண்ணி கையில வச்சுக்கங்க. நெட்வொர்க் இல்லாட்டியும் பாக்கலாம். அப்புறம் அதுல சேலத்தோட நாலு எடத்த குறிங்க: ஜங்ஷன், புது பஸ் ஸ்டாண்ட், பழைய பஸ் ஸ்டாண்ட், அஸ்தம்பட்டி ரவுண்டானா. வெளியூர்க்காரங்க குழப்பிக்கிறது இங்கதான். ஜங்ஷன் சூரமங்கலத்துல இருக்கு, ஊரோட மேற்கு ஓரம். புது பஸ் ஸ்டாண்ட் மெய்யனூர்ல, வெளியூர் பஸ், ஏற்காடு பஸ் எல்லாம் இங்கதான். பழைய பஸ் ஸ்டாண்ட் டவுன் பஸ்சுக்கு, கோயில், மார்க்கெட், பஜார் எல்லாம் அத சுத்தித்தான். ஜங்ஷன்ல இருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் ஆறு கிலோமீட்டர் பக்கம் வரும், சாதாரண நாள்ல ஒண்ணும் தெரியாது, மாரத்தான் அன்னிக்கு அது பெரிய தூரம். அஸ்தம்பட்டி ஏன்னா, ஊருக்குள்ள இருந்து ஏற்காடு போற வண்டி முக்காவாசி அந்த ரவுண்டானாவ தொட்டுட்டு கோரிமேடு வழியாத்தான் அடிவாரம் போகும்.

இந்த நாலுல எது ரூட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. ரூட் கோடு ஊர ரெண்டா பிரிக்கும். நீங்க இறங்குற எடமும் தங்குற எடமும் ஒரே பக்கம் இருக்குற மாதிரி ரூம் போடுங்க, இந்த வழிகாட்டில ஒரே ஒரு விஷயம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும். ட்ரெயின்ல வர்றீங்களா, ஜங்ஷன் பக்கமே நூறு லாட்ஜ் இருக்கு, அங்கயே தங்குங்க. கோயில் பஜார்னு டவுன சுத்தப் போறீங்களா, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போடுங்க. ஓட்டம் ஆரம்பிக்குற எடத்துல ரூம் போடுறது உங்க வீட்ல யாராச்சும் ஓடுறாங்கன்னா மட்டும்தான் அர்த்தம், இல்லாட்டி விடிகாலை நாலு மணில இருந்து மைக் சவுண்டு, பாட்டு, தூங்கவும் முடியாது வண்டி எடுக்கவும் முடியாது.

ஓட்டம் ஞாயித்துக்கிழமை காலைலங்கறதால அதுக்கு வர்றவங்களும் சனிக்கிழமை ராத்திரி தங்குவாங்க, அதனால ரூம் சீக்கிரம் போடுங்க. கார்ல வர்றவங்க ஓட்டல்ல போன் பண்ணி "காலைல வண்டி வெளிய எடுக்க முடியுமா, பின்னாடி தெருவுக்கு கேட் இருக்கா"ன்னு வாய்விட்டு கேளுங்க. கூச்சமே படாதீங்க.

சனிக்கிழமை

போலீஸ்காரங்க போக்குவரத்து மாற்றம்னு அறிவிப்பு கொடுப்பாங்க, பேப்பர்ல சேலம் பக்கத்துல வரும், அத பாத்து உங்க மேப்புல திருத்திக்கங்க. ரூட் மேப்புல ஓடுற ரோடு மட்டும் இருக்கும், போலீஸ் அறிவிப்புலதான் எந்த பஸ் எந்த வழியா திருப்பி விடுறாங்க, எங்க பார்க்கிங் கூடாதுன்னு எல்லாம் இருக்கும், ரெண்டும் வேணும். கார் ஓட்டத்துக்குள்ள மாட்டுற மாதிரி இருந்தா சனிக்கிழமை ராத்திரியே எடுத்து அந்தாண்ட பக்கம் நல்ல பார்க்கிங்ல விட்டுட்டு நடந்து வந்துருங்க.

காலைல கடை தொறக்க லேட்டாகலாம், குழந்தைங்க, சுகர் மாத்திரை போடுறவங்க இருந்தா பன், பிஸ்கட், வாழைப்பழம், தண்ணி சனிக்கிழமையே வாங்கி வச்சுருங்க. கையில சில்லறையும் இருக்கட்டும், கூட்டத்துல நெட்வொர்க் சுத்திட்டு நின்னா ஷேர் ஆட்டோக்காரர்கிட்ட ஜிபே பண்ண முடியாம நிக்க வேண்டாம்.

வந்து இறங்குறது

ட்ரெயின்தான் என் ஓட்டு. எந்த மாரத்தானும் தண்டவாளத்த அடைக்காது. சென்னைல இருந்து வர்றவங்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கு, ராத்திரி ஏறினா காலைல நாலு மணி வாக்குல ஜங்ஷன்ல விட்டுரும், அந்த நேரத்துக்கு தடுப்பு வைக்க ஆரம்பிச்சுட்டு இருப்பாங்க, ஓட்டம் ஆரம்பிச்சிருக்காது, நேரா ஆட்டோ புடிச்சு ரூமுக்கு போயிடலாம். இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது, எக்மோர்ல இருந்து விருத்தாச்சலம், ஆத்தூர் வழியா வர்ற சேலம் எக்ஸ்பிரஸ் சேலம் டவுன் ஸ்டேஷன்லயும் நிக்கும். நீங்க பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்குறீங்கன்னா டவுன்லயே இறங்கிருங்க, ஊர குறுக்க தாண்டுற வேலையே கெடையாது. ஜங்ஷன்ல இருந்து டவுனுக்கு பேசஞ்சர் ட்ரெயின் இருக்கு, ஆனா ஒரு நாளைக்கு ரொம்ப கொஞ்சம்தான், அத நம்பி காத்திருக்காதீங்க.

பஸ்சுன்னா, ஏறுறதுக்கு முன்னாடியே கண்டக்டர்கிட்டயோ ஆபீஸ்லயோ "ஞாயித்துக்கிழமை காலைல புது பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, இல்ல பைபாஸ்ல இறக்குவீங்களா"ன்னு கேட்டு வச்சுக்கங்க. மதுரை, நாமக்கல் பக்கம் இருந்து வந்தா சீலநாயக்கன்பட்டி, ஈரோடு கோயமுத்தூர் பக்கம்னா கொண்டலாம்பட்டி, ஆத்தூர் ரோட்ல வந்தா உடையாப்பட்டி, இதுதான் வழக்கமா இறக்கி விடுற எடம். இருட்டுல குடும்பத்தோட இறங்கினா அங்கயே நின்னு பதறாதீங்க, பைபாஸ் பிரிவுல டீக்கடை இருக்கும், வெளிச்சமா இருக்குற கடை பக்கம் போய் உக்காருங்க, டீக்கடை அண்ணன் கிட்ட "உள்ள போற டவுன் பஸ் இன்னிக்கு எதுவரைக்கும் போகுது"ன்னு கேளுங்க, கூகுள் மேப்ப விட அவர் சொல்றது சரியா இருக்கும். மேப்புல காலைல போட்ட தடுப்பு உடனே வரும்னு நம்ப முடியாது, அது பாட்டுக்கு நேரா தடுப்புல கொண்டு போய் விட்டுரும், எனக்கு அன்னிக்கு ரெண்டு தடவ அப்படித்தான் ஆச்சு.

ஆட்டோ பேசும்போது ஒரு விஷயம். ஓட்டல் வாசலுக்குன்னு சொன்னா வரமாட்டேன்னுதான் சொல்லுவாங்க. "தடுப்பு எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் விடுங்கண்ணா, மிச்சம் நாங்க நடந்துக்கறோம்"னு சொல்லுங்க, வந்துருவாங்க. அன்னிக்கு அத்தைக்கு இத சொல்லிக் கொடுக்க எனக்கு தோணாம போச்சு.

பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட் இல்ல, குடும்பமா வர்றப்ப அது பெரிய உதவி. ஆனா அன்னிக்கு வழி மாத்தி விட்டிருப்பாங்க, போர்டு பாத்து மட்டும் ஏறாதீங்க, கண்டக்டர்கிட்ட எங்க முடியுதுன்னு கேட்டு ஏறுங்க.

ஓடுற ரோட்ட தாண்டுறது எப்படி

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா நடந்து தாண்டுறதுல கஷ்டமே இல்ல. முதல் அஞ்சு பத்து நிமிஷம் பெரிய கூட்டமா வருவாங்க, அப்ப தாண்டவே முடியாது, தாண்டவும் கூடாது. அதுக்கப்புறம் கூட்டம் பிரிஞ்சு நடுவுல நடுவுல இடைவெளி விழும். தடுப்பு கிட்ட நிக்குற போலீஸ்காரரோ மஞ்ச டீ-சர்ட் பசங்களோ இருப்பாங்க, அவங்ககிட்ட சொல்லிட்டு நில்லுங்க.

அத்தை குடும்பத்த கடைசியா நான் கண்டுபுடிச்சது அப்படி ஒரு தடுப்புல. அந்தாண்ட நூறடில ஓட்டல் போர்டு தெரியுது, நடுவுல ரோடு. பாட்டி ஒரு கையில ஊன்றுகோல், இன்னொரு கையில முறுக்கு பை, திருநெல்வேலில இருந்து எனக்காக சுட்டு எடுத்துட்டு வந்தது, யாரு கேட்டும் அந்த பைய குடுக்கல. கான்ஸ்டபிள் ஒருத்தர், சின்னப் பையன், இருவத்தஞ்சு வயசு இருக்கும், வந்து "ஆயா, என் கையப் புடிச்சுக்கங்க, நான் சொல்றப்ப மட்டும் காலெடுத்து வைங்க, ஓடாதீங்க"ன்னாரு. ஒரு பத்து பேர் கொண்ட கூட்டம் தாண்டுச்சு, விசில் ஊதி ஒரு கைய தூக்கினாரு, பாட்டி நடக்க ஆரம்பிச்சாங்க. நடு ரோட்டுக்கு வந்தப்ப அந்தப் பக்கம் இருந்து நடுத்தர வயசு அம்மா ஒருத்தவங்க, சுடிதார் மேல நம்பர் குத்தி, மூச்சு வாங்க ஓடி வந்தவங்க, பாட்டிய பாத்ததும் ஓட்டத்த நிறுத்தி நின்னாங்க. நின்ன எடத்துலயே கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு "நீங்க போங்க பாட்டி"ன்னாங்க. பாட்டி அந்தாண்ட போய் சேந்துட்டு திரும்பி அந்த அம்மாவுக்கு கும்பிடு போட்டாங்க. அவங்களும் ஓடிக்கிட்டே கும்பிட்டாங்க.

தாண்டும்போது கவனிக்க வேண்டியது நாலு. நேர் குறுக்கா தாண்டாம ஓடுற திசையிலயே சரிவா நடந்து தாண்டுங்க, இடிக்க மாட்டாங்க. சூட்கேஸ இழுக்காம தூக்கிக்கங்க, சக்கரம் ஓடுறவங்க கால்ல மாட்டினா விழுந்துருவாங்க. தண்ணி கொடுக்குற மேசை பக்கம் தாண்டாதீங்க, ரோடு பூரா கப்பும் தண்ணியும் கெடக்கும், வழுக்கும். தரைல நேரம் கணக்கு பண்ற பாய் மாதிரி ஒண்ணு விரிச்சிருப்பாங்க, அத மிதிக்காதீங்க, புள்ளைங்கள மிதிச்சு விளையாட விடாதீங்க.

வண்டில தாண்டணும்னா கதை வேற, மூடியிருக்குற வரைக்கும் தாண்ட முடியாதுன்னே வச்சுக்கங்க. அஞ்சு ரோட்ல ஈரடுக்கு மேம்பாலம் இருக்கு, 2020ல முழுசா தொறந்தது, கீழ ஓட்டம் போனாலும் மேல வண்டி விட்டா அதுல தாண்டிடலாம், அறிவிப்புல அத மட்டும் தனியா பாத்து வச்சுக்கங்க. ஆனா எந்த இறக்கத்துல இறங்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு ஏறுங்க, ஒரு இறக்கத்த விட்டுட்டீங்கன்னா ரொம்ப தூரம் போய் திரும்பணும்.

உடம்பு முடியாம போச்சுன்னா மட்டும் எதையும் யோசிக்காதீங்க, 108 கூப்புடுங்க, கிட்ட நிக்குற போலீஸ்காரர்கிட்டயும் சொல்லிருங்க, ஆம்புலன்சுக்கு அவங்க வழி எடுத்து விடுவாங்க.

காலைல ஆறுல இருந்து பத்து: டவுன நடந்து பாருங்க

வண்டி ஓடாத காலை நேரம் வேஸ்டுன்னு ரூம்ல படுத்துக் கெடக்காதீங்க. என்னக் கேட்டா சேலம் டவுன பாக்குறதுக்கு வருஷத்துலயே நல்ல காலை அதுதான், ஹாரன் சத்தம் இல்லாம பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்குறது லேசுல கெடைக்குற விஷயம் இல்ல.

சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், கோட்டை அழகிரிநாதர் கோயில், மூணும் பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்து போற தூரம்தான். சுகம்னா கிளி, சுகப்பிரம்ம ரிஷி பூசை பண்ண சாமிங்கறதால சுகவனேஸ்வரர், அருணகிரிநாதர் பாடின முருகனும் இந்தக் கோயிலுக்குள்ளதான். கோட்டை மாரியம்மன் கோயில் திருமணிமுத்தாறு பக்கம், ஆடி மாசம் இந்தக் கோயில் திருவிழாவுக்கு டவுனே மாறிடும். இங்கத்த ஆளுங்களுக்கு ரோடு அடைச்சா எப்படி நடக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே அந்த ஆடித் திருவிழாதான். காலைல கூட்டம் இல்லாம நின்னு கும்பிடலாம், மதியம் நடை சாத்திருவாங்க, அதுக்குள்ள முடிச்சுக்கங்க.

வ.உ.சி. பூ மார்க்கெட் அங்கயே இருக்கு, விடியும்போதே மல்லி, சாமந்தி, அரளி மூட்டை மூட்டையா வந்து இறங்கும். ஏற்காடு அடிவாரம் பக்கம் போறவங்க தங்குறது அஸ்தம்பட்டின்னா அங்க உழவர் சந்தை இருக்கு, வெள்ளன போனா மலைக் காய்கறி பாக்கலாம். ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள வந்தீங்கன்னா மாம்பழத்துல மல்கோவா, இமாம்பசந்த், நடுசாலைன்னு எந்த ரகத்தையும் விடாதீங்க, ஆனா மலை ஏறுறதுக்கு முன்னாடி வாங்கி கார்ல வச்சு வேக விடாதீங்க, திரும்பி வரும்போது வாங்குங்க.

ரோட்டு ஓரமா ஒரு அரை மணி நேரம் நின்னு ஓடுறவங்களுக்கு கை தட்டுங்க. முன்னாடி போறவங்களுக்கு எல்லாரும் தட்டுவாங்க, கடைசில வர்றவங்களுக்குத்தான் தேவை. அத்தையோட பேரன் அன்னிக்கு ஓட்டல் வாசல்ல நின்னு கடைசி ஆள் போற வரைக்கும் தட்டினான், டிபன் சாப்பிட கூப்பிட்டும் வரல.

ஏற்காடு: எப்ப ஏறுறது, எந்த ரோட்ல

மூணு வழி சொல்றேன், உங்க சூழ்நிலைக்கு எது ஒத்து வருதோ பாருங்க.

ஒண்ணு, சனிக்கிழமையே மேல ஏறி அங்க தங்கிடுறது. வயசானவங்க இருந்தா எனக்கு இதுதான் புடிக்கும். கீழ என்ன நடந்தாலும் உங்களுக்கு கவலையில்ல, ராத்திரி லேடீஸ் சீட்னு சொல்ற காட்சி முனைல நின்னா சேலம் மொத்தமும் விளக்கு கொட்டின மாதிரி கீழ தெரியும், பகல்ல வானம் தெளிவா இருந்தா மேட்டூர் அணை கூட தெரியும்.

ரெண்டு, ஓட்டம் முடிஞ்சு ரோடு தொறந்த பிறகு ஏறுறது. 5.30க்கு ஆரம்பிச்ச அரை மாரத்தான் 8.40 வாக்குல முடியும், தடுப்பு எடுக்க, குப்பை அள்ள, வந்தவங்க வண்டி எடுக்கன்னு ஒன்பதரை ஆயிடும். ஆனா ஞாயித்துக்கிழமைல்ல, ஓடி முடிச்சவங்களும் "வந்தது வந்தோம் ஏற்காடு போயிட்டு போலாம்"னு கெளம்புவாங்க, கோரிமேட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் வண்டி ஊர்ந்து போகும். அதனால ஒன்பதரைக்கு போகாம டிபன் சாப்பிட்டு பத்தரைக்கு மேல கெளம்புங்க. பஸ்சுன்னா புது பஸ் ஸ்டாண்ட்ல போய் ஏறுறதுதான் நல்லது, அஸ்தம்பட்டி, கோரிமேட்டுல ஏறினா நின்னுட்டுத்தான் போகணும், 20 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோட்ல நின்னுட்டு போறது குழந்தைங்களுக்கு ஆகாது.

மூணாவது, சொந்த கார் இருக்குறவங்களுக்கு. ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, உடையாப்பட்டின்னு பைபாஸ்லயே சுத்தி அயோத்தியாப்பட்டணம் வந்து, அங்கிருந்து அரூர் ரோட்ல குப்பனூர் போய், குப்பனூர் மலை ரோட்ல ஏறிருங்க. கொஞ்சம் சுத்துதான், ஆனா ஒரு தடுப்பையும் பாக்க மாட்டீங்க. இந்த ரோடு அடிவாரம் ரோட விட குறுகல், கூட்டம் கம்மி. கோடை விழா மாதிரி கூட்டமான நாள்ல அடிவாரம் வழியா ஏறு, குப்பனூர் வழியா இறங்குன்னு ஒன்வே ஆக்கிடுவாங்க, அதனால கெளம்புறதுக்கு முன்னாடி குப்பனூர்ல ஏற விடுறாங்களான்னு கேட்டுட்டு போங்க. பெரிய மழை பேஞ்ச மறுநாள்ல இந்த வழிய எடுக்காதீங்க, மண் சரியுற ரோடு.

மலை ரோட்டு பழக்கம் இல்லாதவங்களுக்கு: ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவங்க நின்னு விடணும். இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிடும். வளைவுல ஓவர்டேக் பண்ணாதீங்க, ஹாரன் அடிச்சுட்டு திரும்புங்க. பெட்ரோல் கீழயே போட்டுக்கங்க. வாந்தி எடுக்குற புள்ளைங்களுக்கு முன் சீட்டு, ஒரு எலுமிச்சம்பழம், வயித்துல ரெண்டு இட்லி, அவ்வளவுதான், வெறும் வயித்தோட ஏத்தாதீங்க, பூரி கெழங்கு சாப்பிட்டும் ஏத்தாதீங்க.

வளைவுங்க ஏற ஏற காத்து மாறுறது மூஞ்சிலயே தெரியும், ஜன்னல தொறந்து வைங்க. மேல போகப் போக சில்வர் ஓக் மரம், அதுல சுத்தின மிளகு கொடி, கீழ காப்பிச் செடின்னு வரும். இந்தக் காப்பிய இங்க கொண்டு வந்து போட்டது 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன், இன்னிக்கு வரைக்கும் மலை முழுக்க அதுதான் பொழப்பு.

மேல போனதும் ஏரிக்கு ஓடாதீங்க. ஞாயித்துக்கிழமை மதியம் படகுத் துறைல கூட்டம் நெரியும். லேட்டா ஏறுறவங்க முதல்ல சேர்வராயன் கோயிலுக்கு போங்க, மலையோட உச்சி, 5,300 அடிக்கு மேல, குகைக்குள்ள குனிஞ்சு போய் சாமி பாக்கணும், வெளிய வந்தா சமவெளி மாதிரி பரந்த புல்வெளி, காத்து ஆளத் தள்ளும். அங்கிருந்து பகோடா பாயிண்ட், கடைசியா லேடீஸ் சீட். ஏரி கடைசில நேரம் இருந்தா பாத்துக்கலாம்.

இறங்குறது, ஊர் திரும்புறது

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மேல எல்லா வண்டியும் ஒண்ணா இறங்கும், அது மாரத்தான் இல்லாத ஞாயிறுலயே அப்படித்தான். மூணு மணிக்குள்ள கெளம்பிருங்க, இல்லாட்டி திங்கக்கிழமை காலைல இறங்குங்க. ராத்திரி ட்ரெயின்னா மலைல இருந்து நேரா ஜங்ஷன் போற மாதிரி கணக்கு போடாம நடுவுல ரெண்டு மணி நேரம் விட்டு வைங்க.

அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வேலை நான் சொல்றேன். சாயங்காலம் ஆனா சேலத்துல தெருவுக்கு தெரு தட்டுவடை செட் வண்டி வந்துரும். கைக்கு அடக்கமா ரெண்டு சின்ன தட்டுவடை, நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் சிவப்பு சட்னி, ஒரு பக்கம் பச்சை சட்னி, மூடி அப்படியே வாயில போட்டுறணும், கடிச்சு கடிச்சு சாப்பிட்டா கையெல்லாம் வழியும். வண்டிக்காரர் இடது கையில தட்டுவடைய வரிசையா அடுக்கிக்கிட்டே வலது கையில சட்னி தடவுவார், நீங்க ஒண்ண முழுங்குறதுக்குள்ள அடுத்தது தட்டுல இருக்கும். அப்புறம் ஒரு நொறுக்கல் சொல்லுங்க, அதே தட்டுவடைய கையாலயே ஒடிச்சு எல்லாத்தையும் போட்டு கலக்கி கொடுப்பாங்க. அன்னிக்கு பாட்டிக்கு பல்லு இல்லைன்னு வண்டிக்காரர் தட்டுவடைய தூளாக்கி, சட்னிய கூட ஊத்தி, ஊற வச்சு கொடுத்தாரு. பாட்டி ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க, மூணாவது கேட்டப்ப மாமாதான் ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு ஆட்டோவ கூப்பிட்டாரு. டவுன்ல இருந்து ஜங்ஷன் போக சாயங்கால ட்ராஃபிக்ல முக்கால் மணி நேரம் வச்சுக்கங்க, சூரமங்கலம் மெயின் ரோடு நெருக்கினா செவ்வாய்ப்பேட்டை வழியா போகச் சொல்லுங்க.